பெரியவர்களுக்குப் பரீட்சை வைத்த கதை

வயசானவர்களின் புத்தி சரியாக இருக்கிறதா என்ற ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தது டாக்டர்கள் அல்ல, பெற்ற பிள்ளைகள். காரணம், வழக்கம்போல, சொத்து.

ஏதென்ஸ் நகரத்து நாடகாசிரியர் சோபக்ளிஸ் தொண்ணூறை நெருங்கிய வயதிலும் நாடகமே கதி என்று கிடந்தார். நிலபுலன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது, நிர்வாகத்தை எங்கள் கையில் கொடுங்கள் என்று மகன்கள் கோர்ட் படி ஏறினார்கள். கிழவர் வாதாடவில்லை. அப்போதுதான் எழுதியிருந்த ஈடிபஸ் நாடகத்தை எடுத்து ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டி, புத்தி கெட்டவன் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்டாராம். வழக்கு தள்ளுபடி. இதை நமக்குச் சொன்னவர் சிசரோ. அவர் வக்கீல், அதுவும் சம்பவம் நடந்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துச் சொன்னவர். ஒரு வக்கீல் சொன்ன கதையில் எவ்வளவு தள்ளுபடி செய்வீர்களோ அவ்வளவு செய்துகொள்ளலாம்.

அந்த ஊர்ச் சட்டமும் சுவாரசியமானது. பைத்தியம், கிழத்தனம், மருந்து, நோய், பெண்ணின் பேச்சு, இவற்றில் ஏதாவது ஒன்றால் மதி மயங்கியவன் எழுதிய உயில் செல்லாது. டிமென்ஷியாவையும் தலையணை மந்திரத்தையும் ஒரே ஷரத்தில் அடைத்த சட்டம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

அதற்குப் பிறகு சுமார் இரண்டாயிரம் வருஷம் வைத்தியர்கள் இந்த விஷயத்தில் பெரிதாக எதையும் கிழித்துவிடவில்லை. முதுமை என்பது குளிர்ச்சியும் வறட்சியும், மூளையும் அப்படித்தான் ஆகும் என்று பண்டைய வைத்தியர் கேலன் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஃபீஸ் வாங்கினார்கள். ஆராய்ச்சி மறுபடி சூடு பிடித்தது 1889 ஜூன் 1ஆம் தேதி, பாரிஸில்.

அன்று பிரவுன்-செக்கார் என்ற 72 வயதுப் பேராசிரியர் அறிஞர் சபை ஒன்றில் எழுந்து நின்றார். சாதாரண ஆள் இல்லை. முதுகுத்தண்டில் ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் உடம்பில் என்ன ஆகும் என்று கண்டுபிடித்து, அந்த நோய்க்குறிக்கே தன் பெயரைக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் சொன்னார்: நாயின் விரையையும் கினிப்பன்றியின் விரையையும் நசுக்கிச் சாறெடுத்து எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன். களைத்துப் போயிருந்த மூளை பழையபடி வேலை செய்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆதாரம் வேண்டுமே? ஊசிக்கு முன்னும் பின்னும் தன் சிறுநீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று அளந்து வைத்திருந்தார். சபையில் இருந்தவர்களில் பலர் வயதானவர்கள். யார் யார் வீட்டுக்குப் போய் அளவுகோலைத் தேடினார்களோ, சரித்திரம் பதிவு செய்யவில்லை. ஆனால் வைத்தியர்கள் பலர் அந்தச் சாற்றைக் காய்ச்சி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் 1894இல் காலமானார். 2002இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதே முறையில் நாயின் விரையிலிருந்து சாறெடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் செய்ய முடியாத அளவுக்குத்தான் அதில் ஹார்மோன் இருந்தது. மாடிப்படி ஏறியதெல்லாம் நம்பிக்கையின் பலம்.

இனி அல்சைமர். இவரைக் கிண்டல் செய்ய எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு; நல்ல மனிதர். ஆனால் கிண்டலே செய்யாமல் விடும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

1901 நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனைக்கு ஆகுஸ்ட டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடத்துக்கு வைத்திருந்த பெயர் பைத்தியக் கோட்டை. புருஷன் ரயில்வே குமாஸ்தா. அங்கே டாக்டராக இருந்த அல்சைமர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். பெயர் என்ன? ஆகுஸ்ட. குடும்பப் பெயர்? ஆகுஸ்ட. கணவர் பெயர்? அதுவும் ஆகுஸ்ட என்றுதான் நினைக்கிறேன். மத்தியானம் பன்றிக்கறியும் காலிஃபிளவரும் தின்றுகொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கீரை என்றார். என்னையே நான் தொலைத்துவிட்டேன் என்றும் அந்த அம்மாள் சொன்னார். டாக்டர்கள் அடுத்த நூறு வருஷம் எழுதிய விளக்கங்களில் அதைவிடக் கச்சிதமானதை நான் படித்ததில்லை.

கேள்வி கேட்டவரின் ஞாபகசக்தி பற்றியும் ஒரு வார்த்தை. பின்னாளில் மியூனிக்கில் அவரிடம் மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்ற மாணவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அல்சைமர் ஓயாமல் சுருட்டுப் பிடிப்பவர். ஒரு மாணவனின் மேஜைக்கு வருவார், சுருட்டை ஓரமாக வைப்பார், குனிந்து விளக்குவார், வைத்ததை மறந்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்ப் புதுச் சுருட்டுப் பற்றவைப்பார். சாயங்காலம் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு துண்டுச் சுருட்டு கிடக்கும். மியூனிக்கில் கொஞ்ச காலம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைர வியாபாரியின் விதவையாக இருந்து இவரை மணந்து, சீக்கிரமே இறந்துபோன மனைவியின் பணம் இருந்தது. அறிவியல் வரலாற்றில் அரசாங்க நிதியைவிட மாமனார் வீட்டு நிதியும் மனைவி நிதியும் எவ்வளவு சாதித்திருக்கின்றன என்று யாராவது ஆராய வேண்டும்.

ஆகுஸ்ட 1906 ஏப்ரலில் இறந்தார். மூளை பெட்டியில் மியூனிக் வந்தது. அல்சைமர் அதைச் சீவி, சாயம் ஏற்றி, செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அதே வருஷம் நவம்பரில் டூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் தலைவர் கேள்வி உண்டா என்று சபையைப் பார்த்தார். ஒரு கை எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவப் பேச்சுகளில் ஒன்று, கல்யாண வீட்டில் வாசிக்கப்படும் வாழ்த்துப் பா போலக் கேட்பாரற்று முடிந்தது.

பெயர் வந்த கதை இன்னும் விசேஷம். அல்சைமரின் மேலதிகாரி எமில் கிரேப்பலின். ஜெர்மன் மனநல மருத்துவத்தில் அவர் எழுதிய பாடநூல்தான் வேதம். 1910இல் வந்த பதிப்பில் 'அல்சைமர் நோய்' என்று எழுதிவிட்டார். கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணும்படியான சில நோயாளிகள். ஏன் அவ்வளவு அவசரம் என்று சரித்திரக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அவர்கள் சந்தேகப்படும் காரணங்களில் ஒன்று பிராக் நகரத்துப் போட்டி. அங்கே ஆஸ்கர் பிஷர் என்பவர் 1907இலேயே முதுமை மறதியோடு இறந்த 16 பேரின் மூளைகளைப் பார்த்து, 12இல் அந்தத் திட்டுகள் இருந்ததைப் பிரசுரித்திருந்தார். ஒரு மூளையைப் பார்த்தவர் பெயரில் நோய். பதினாறு பார்த்தவரைப் பாடநூல்கள் பல பத்தாண்டுகள் மறந்தே போயின. பிஷர் யூதர். நாஜிகள் பிடித்துப் போய், 1942இல் டெரேசின் சிறையில் இறந்தார். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

பெயர் வாங்கிய அல்சைமருக்கே 1911இல் சந்தேகம் வந்தது: இது தனி நோய்தானா, அல்லது கிழவர்களுக்கு வரும் மறதியே சற்று முன்னதாக வந்துவிட்டதா? நியாயமான சந்தேகம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் அடுத்த அறுபது வருஷம் ஒரு வினோதம் நடந்தது. 55 வயதில் மறந்தால் அல்சைமர் நோய்; 75 வயதில் மறந்தால் வயசாயிடுச்சு. முன்னவருக்கு மருத்துவ நூலில் ஒரு பக்கம், பின்னவருக்குத் திண்ணை. 1960களில் நியூகாசிலில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் மூவரும் முதியவர்களின் மூளைகளைத் திறந்து பார்த்தபோது அதே திட்டு, அதே முறுக்கு. 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தில், இரண்டும் ஒன்றுதானய்யா, வயசைப் பார்த்துப் பிரிக்காதீர்கள் என்று எழுதினார். மிகச் சிறிய தலையங்கம். அதற்கு முந்தின நாள்வரை அபூர்வமாக இருந்த நோய், மறுநாள் பல லட்சம் பேரைப் பிடித்திருந்தது. ஒரு கிருமியாலும் அவ்வளவு வேகம் சாத்தியமில்லை. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் 1974இல்தான் தொடங்கியிருந்தது. அதன் தலைவர் ராபர்ட் பட்லர் விவரமானவர். முதுமையை ஆராய நிதி கொடுங்கள் என்றால் காங்கிரஸ் கொட்டாவி விடும், நோயின் பெயரைச் சொன்னால் பையைத் திறக்கும் என்று அறிந்தவர். திறந்தது.

சரி, எல்லாவற்றுக்கும் மூலமான ஆகுஸ்ட அம்மாளின் கோப்பு எங்கே? காணோம். மறதி நோயின் முதல் நோயாளியைப் பற்றிய கைப்பிரதியை எங்கே வைத்தோம் என்று மறதி நோய் நிபுணர்களுக்கு எண்பது வருஷத்துக்கு மேல் ஞாபகம் வரவில்லை. 1995 டிசம்பரில் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனைப் பழைய காகிதக் கிடங்கில் ஒரு நீல அட்டைக்குள் 32 பக்கங்கள் அகப்பட்டன. அவருடைய மூளைச் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளும் சில வருஷத்துக்குள் மியூனிக் நிலவறையில் கிடைத்தன.

இந்தக் காணாமல்போகும் வியாதி வேறு ரூபத்திலும் வந்தது. 1975இல் மார்ஷல் ஃபோல்ஸ்டைன், அவர் மனைவி சூசன், பால் மக்ஹ்யூ மூவரும் சேர்ந்து, மறதியைச் சோதிக்க ஒரு சின்னக் கேள்வித்தாள் போட்டார்கள். 11 கேள்வி, 30 மார்க். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று பொருளின் பெயரைச் சொல்கிறேன் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்கு சோபக்ளிஸ் நாடகமே கொடுத்திருந்தாலும் 1 மார்க்தான். உலகம் முழுக்க டாக்டர்கள் ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தினார்கள். கால் நூற்றாண்டு யாரும் காசு கேட்கவில்லை. 2001 வாக்கில் உரிமையாளர்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கம்பெனி உரிமம் எடுத்து, தாளுக்கு ஒரு டாலருக்கு மேல் விலை வைத்தது. கேள்விகள் நினைவில் இருக்கின்றனவே என்று டாக்டர்கள் மனப்பாடமாகக் கேட்டால் அதுவும் உரிமை மீறலா என்று தீவிரமாக விவாதித்தார்கள். பேஷன்டின் ஞாபகசக்தியைச் சோதிக்க வந்த டாக்டர் தன் ஞாபகசக்திக்கு வாடகை கட்ட வேண்டிய நிலை.

இந்தக் கேள்வித்தாள் இந்தியாவுக்கும் வந்தது. 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். 'வேர்ல்ட்' என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டச் சொன்னால் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கிழவி கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள். ஆகவே கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அதை ஒரே வாக்கியத்தோடு நிறுத்திய மாமியார் யாராவது இருந்திருப்பார்களா என்பது என் சொந்தச் சந்தேகம். அந்த ஆய்வில் தெரிந்த அல்சைமர் விகிதம் அதுவரை உலகில் பதிவானவற்றில் மிகக் குறைந்த வரிசையில் இருந்தது. ஏன் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நோயில்லாத சாதாரண முதியவர்களுக்கு வைத்த பரீட்சையின் கதை இதைவிடக் கூத்து. முதல் உலகப் போரின்போது ராபர்ட் யெர்க்ஸ் அமெரிக்க ராணுவத்தில் சுமார் 17 லட்சம் பேருக்குப் புத்திப் பரீட்சை வைத்தார். அதிகாரிகளின் மார்க்கை வயசு வாரியாகப் பிரித்தால், முப்பதைத் தாண்டியதும் இறங்குமுகம். இதை அறிவித்த யெர்க்ஸுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது; முடிவைத் தனக்குப் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1939இல் வெக்ஸ்லர் தயாரித்த புகழ்பெற்ற சோதனையிலும் அறிவு இருபதுகளிலேயே உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கியது. 1956இல் சியாட்டிலில் வார்னர் ஷாயி என்ற இளைஞர் 500 பேரைப் பிடித்தார், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் திரும்பச் சோதித்தார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அதுவரை எல்லோரும் ஒப்பிட்டது ஹைஸ்கூல் முடித்த பேரனையும், ஐந்தாவதோடு நின்ற தாத்தாவையும். பள்ளிக்கூட வித்தியாசத்தை எல்லாம் தாத்தாவின் மூளைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதே ஆளை அதே ஆளோடு ஒப்பிட்டால் அறுபதுவரை பெரிய சரிவே இல்லை.

அப்படியானால் ஒருவருக்கு எழுபதில் புத்தி குறைந்திருக்கிறதா என்று சொல்ல, சின்ன வயதில் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அதை யார் எழுதி வைத்தார்கள்? ஸ்காட்லாந்து எழுதி வைத்திருந்தது. வேறு காரணத்துக்காக.

1932 ஜூன் 1, புதன்கிழமை. இதுவும் ஜூன் 1தான். ஆனால் பாரிஸ் சங்கதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1921இல் பிறந்து அன்று ஸ்காட்லாந்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாலும் அந்தக் குழந்தைக்குப் பரீட்சை. மொத்தம் 87,498 பேர், 45 நிமிஷம். நாட்டில் புத்திசாலி எத்தனை பேர், மந்தம் எத்தனை பேர் என்று தலை தலையாக எண்ணிவிட நினைத்தார்கள். கேள்வித்தாள் எடின்பரோ மோரே ஹவுஸில் இருந்த காட்ஃப்ரே தாம்சன் தயாரித்தது. தன் தாள்களுக்கு வந்த ராயல்டியை அவர் சொந்தத்துக்கு எடுக்கவில்லை, ஆராய்ச்சி நிதிக்கே கொடுத்தார். மேலே சொன்ன கம்பெனிக்காரர்கள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் படிப்பாளிகளுக்கு ஒரு கிலி பிடித்திருந்தது. படித்தவர்கள் ஒன்றோடு இரண்டோடு நிறுத்துகிறார்கள், ஏழைபாழைகள் வரிசையாகப் பெறுகிறார்கள், இப்படியே போனால் தேசத்தின் சராசரி புத்தி சரிந்துவிடும். ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியல்காரர் 1937இல் இதற்காக ஒரு புத்தகமே போட்டார். சரிவை அளந்து நிரூபித்துவிடுவோம் என்று ஸ்காட்லாந்தில் 1947இல் மறுபடி அதே தாளை, 1936இல் பிறந்த 70,805 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1932இல் சராசரி 34.5; இந்தத் தடவை 36.7. ஏழைபாழைகள் பெற்ற பிள்ளைகள் முன்னதைவிட அதிகமாக வாங்கித் தொலைத்துவிட்டன. கேட்டெல் இங்கிலாந்தில் தன் சோதனையைத் திரும்ப நடத்தினார், அங்கேயும் ஏறியிருந்தது. குழந்தைகளுக்குப் பரீட்சை பழகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று நிபுணர்கள் சமாதானம் சொன்னார்கள். எதிர்பார்த்த விடை வராத பேரேடுகளைக் கொண்டுபோய் எடின்பரோவில் நிலவறையில் வைத்தார்கள். பிறகு, அதேதான், மறந்துபோனார்கள்.

1997இல் லாரன்ஸ் வாலி, இயன் டியரி என்ற இரண்டு பேராசிரியர்கள் அவற்றைத் தூசி தட்டினார்கள். ஒரு தேசத்தின் ஒரு வருஷத்துக் குழந்தைகள் அத்தனை பேரின் பெயரும் மார்க்கும் கையெழுத்தில் அங்கே இருந்தன. அத்தனை பேர் என்று சொல்லக்கூடாது. ஃபைஃப், ஆங்கஸ், விக்டவுன் ஆகிய மூன்று மாவட்டங்களின் 1932 பேரேடு மட்டும் இல்லை. எங்கே போயிற்றென்று ஃபைஃப்காரர்களுக்கு வேண்டாதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

1998 ஜூன் 1. பரீட்சை நடந்து சரியாக 66 வருஷம். அபர்டீன் நகரத்து மியூசிக் ஹாலில், அன்று 11 வயதாக இருந்து இன்று 77 ஆகிவிட்டவர்கள் பேனாவோடு உட்கார்ந்தார்கள். அதே கேள்வித்தாள். அதே 45 நிமிஷம். அன்று படித்த அதே விதிமுறைகளை வரிக்கு வரி மறுபடி படித்தார்கள். வேறொரு நாளில் எழுதியவர்களையும் சேர்த்தால் 101 பேர். கூப்பிட்டதும் வந்தார்களே, அதைத்தான் நினைத்து நினைத்து வியக்கிறேன். நம் ஊரில் 77 வயதுக்காரரிடம் போய், தாத்தா, அஞ்சாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை மறுபடி எழுத வாங்க என்றால் கைத்தடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

முடிவு: கிழவர்கள் சின்ன வயதில் வாங்கியதைவிட அதிக மார்க் வாங்கினார்கள். வரிசையும் பெரிதாகக் கலையவில்லை. பதினொன்றில் முன்னால் நின்றவர் அநேகமாக எழுபத்தேழிலும் முன்னால். ஒட்டுறவுக் கெழு 0.63. அதாவது எழுபத்தேழு வயதில் ஆளுக்கு ஆள் தெரியும் புத்தி வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, அரை டிராயர் போட்ட காலத்திலேயே இருந்த வித்தியாசம். மீதிக்கு என்ன காரணம் என்று தேடித்தான் லோதியன் பகுதியில் 1921ஆம் வருஷத்துக்காரர்கள் 550 பேரையும் 1936ஆம் வருஷத்துக்காரர்கள் 1,091 பேரையும் திரட்டினார்கள். ரத்தம், மரபணு, மூளை ஸ்கேன், கைப்பிடியின் பலம், நடை வேகம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

இந்தப் பேரேட்டால் நிறையப் பேர் பிழைப்பில் மண் விழுந்தது. எழுபது வயதில் காப்பி குடிப்பவர்களுக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது என்று கணக்கு வந்தது. உடனே கும்பகோணத்துக்காரர்கள் காலரைத் தூக்க வேண்டாம். பதினோரு வயது மார்க்கை நடுவில் சேர்த்துப் பார்த்தார்கள். காப்பியின் மகிமை பெரும்பாலும் ஆவியாகிவிட்டது. காப்பி புத்தியைக் கொடுக்கவில்லை, சின்ன வயதிலேயே புத்தியாக இருந்தவர்கள் பின்னாளில் காப்பி குடிக்கிறவர்களாக ஆகியிருந்தார்கள். அளவான ஒயினுக்கும் ஏறத்தாழ இதே கதி. மது மூளைக்கு நல்லது என்று ஆதாரத்தோடு மனைவியிடம் வாதாடிக்கொண்டிருந்த கணவன்மார்களுக்கு எடின்பரோவிலிருந்து இப்படி ஒரு துரோகம்.

கடைசியில் குறுக்கெழுத்து. மூளையைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்று ரிட்டையரான ஒவ்வொருவருக்கும் யாராவது ஒரு மருமகன் சொல்லி, சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்திருப்பான். 1936இல் பிறந்து 1947இல் பரீட்சை எழுதிய அபர்டீன்காரர்கள் 498 பேரை வைத்து ரோஜர் ஸ்டாஃப் குழுவினர் 2018 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் புதிர் போட்டவர்கள் முதுமைக்குள் நுழையும்போது சற்று உயரமான படியில் நிற்கிறார்கள். ஆனால் அங்கிருந்து இறங்கும் வேகம், போடாதவர்கள் இறங்கும் அதே வேகம்தான். பத்திரிகைகள் இந்தச் செய்தியை விரிவாகப் போட்டன. குறுக்கெழுத்துப் பக்கத்தை ஒரு பத்திரிகையும் எடுத்துவிடவில்லை.